பெரகலச் சந்திக்கு ஒரு டாக்டர்

நான் டாக்டராகப் போகும் செய்தி எனக்குத் தெரிவதற்கு முன்பே பெரகலச் சந்தி முழுவதற்கும் தெரிந்திருந்தது. அப்போதுதான் பதுளையில் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். விஞ்ஞானப் பிரிவில் உட்கார்ந்தால் பிறகு கொழும்பு. கலைப் பிரிவில் உட்கார்ந்தால் பேராதனை. அப்பா விஞ்ஞானம் என்றார், உட்கார்ந்தேன். விஞ்ஞானம் என்றால் டாக்டர். அதில் வேறு ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சந்தியில் இருந்த எங்கள் கடைக்கு அரிசி, கருவாடு வாங்க வந்த தேயிலைத் தோட்டத்துச் சனங்களிடமெல்லாம் சொல்லி வைத்துவிட்டார்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் என் பாடு திண்டாட்டம். பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் நாக்கை நீட்டுவார். இன்னொருவர் நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டுவார். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் முழங்கால் வலி என்றார். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வெந்நீர் ஒத்தடம், அதைச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் நின்றே, "மொதலாளி! தம்பி சொன்ன மாதிரி செஞ்சேங்க, வலி போன எடம் தெரியல!" என்று கூவினார். அன்றைக்கு அப்பா அவருக்குச் சீனியைக் கொஞ்சம் தாராளமாகவே நிறுத்தார்.

உள்ளபடி சொன்னால் வகுப்பில் அறுக்கத் தரும் தவளையைக் கண்டாலே எனக்குக் குமட்டும். அதைவிடப் பெரிய தொல்லை, எங்கள் வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தட்டி. அந்தப் பக்கம் சரித்திரம். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர், கோட்டை பிடிபட்டதையும் ராஜா ஓடி ஒளிந்ததையும் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வது போலச் சொல்வார். நான் தவளையின் இதயத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, ராஜா தப்பினாரா இல்லையா என்று தட்டியில் காதை வைத்திருப்பேன். ஒருநாள் அவர் என்னை வழியில் மடக்கினார். "தம்பி, என்ரை வகுப்புக்கு வாறதெண்டால் கதவாலை வாருமன்" என்றார். எனக்கு மானம் போயிற்று. ஆசையும் கூடிற்று.

சரக்கெடுக்கப் பதுளைக்கு வந்த அப்பா ஒருநாள் என்னைப் பார்க்க வந்தபோது, நான் தவளை அறுத்த மயக்கத்தில் மரத்தடியில் வெளிறிப்போய்ச் சாய்ந்திருந்தேன். சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்த தெம்பில் சொல்லிவிட்டேன்: "அப்பா, நான் சரித்திரம் படிக்கிறேனே."

அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. "நாளைக்கே நம்மள இந்தியாவுக்குப் போங்கன்னு வெரட்டுறாங்கன்னு வையி. டாக்டருக்கு அங்கயும் சோறு இருக்கு. சரித்திரம் படிச்சவனுக்கு யாருடா சோறு போடுவா?" இந்தியாவிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கேதான் போய் நிற்கும். மறுபடி அந்தத் தவளை மேசைக்குப் போவதை நினைத்தால் எனக்குக் கண்ணைக் கரித்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பூக்கட்டிப் பாப்போம். முருகன் சொல்றதுதான்" என்றார் அப்பா.

கல்யாணமோ கடையோ, எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்க்காமல் முடிவானது எதுவுமில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் விஞ்ஞானம், சிவப்பு வந்தால் கலை என்று பேச்சு. அந்த வெள்ளிக்கிழமை அப்பாவே அரளி பறித்து, அவரே கட்டிக்கொண்டு பதுளைக் கோயிலுக்கு வந்தார்.

தாயோடு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை ஐயர் கூப்பிட்டார். அவள் ஒன்றைத் தொட்டாள், விட்டாள், மற்றதைத் தொட்டாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒருவழியாக எடுத்துக் கொடுத்ததை ஐயர் பிரித்தார். சிவப்பு! நான் குதிக்காத குறை. அப்பா கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஐயர் உள்ளே போனதும், தப்பிப்போன டாக்டர் பட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வோமே என்று மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்புதான்.

அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி மடியில் சொருகிக்கொண்டார். "ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டேன்டா. நானா மாத்துனா நாலு பேரு கேப்பாங்க. சாமி மாத்துனா யாரு கேக்கப்போறா? வா, பஸ் போயிரும்."

அன்று சாயங்காலம் கடைக்கு வந்த, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ஒரு கங்காணியிடம் அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "முருகன் விடலைன்னா நீங்க என்னங்க மொதலாளி செய்வீங்க" என்று அவர் உச்சுக்கொட்டினார். பிறகு, "ஆமா, சரித்திரம் படிச்சா என்னாங்க வேல?" என்று கேட்டார்.

அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கென்னங்க தெரியும். அவனுக்கு அது புடிச்சிருக்கு."

அவருடைய பயம் அப்படியே இருந்தது, குரலிலேயே கேட்டது. அந்தப் பயத்தோடுதான் இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டியிருக்கிறார். அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு நான் அழுதேன்.