மூன்றாவது ஆள்

பெட்டியக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். வாய் அப்படி. கணவர் போன பிறகு அட்டைப்பெட்டிப் பட்டறையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தவர். அட்டை விலையை ஏற்றிய மொத்த வியாபாரியை அவர் கேட்ட கேள்வியில், மனிதர் பழைய விலைக்கே போட்டுவிட்டு ஓட்டம் பிடித்ததை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் வியாபாரம் படுத்தபோது வாய் என்ன செய்யும்? செருப்புக் கடைகளிலும் கேக் கடைகளிலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்; பெட்டி கேட்க ஆளில்லை. அப்போதுதான் அரசாங்கம் அந்த உதவியை அறிவித்தது. குறைந்தது மூன்று பேரை வேலையில் வைத்திருக்கும் பட்டறைக்குப் பாதிச் சம்பளத்தை அரசே தரும். அக்காவிடம் இருந்ததும் சரியாக மூன்று பேர். பசை ஒட்டும் சகோதரிகள் இருவர், வெட்டும் மெஷினில் ஒருவன். அவனை அக்கா ‘தம்பி’ என்பார். கூடப் பிறந்த தம்பி இல்லாத குறையை அவனைத் திட்டியே தீர்த்துக்கொண்டார்.

மனுப் போட்ட மறுவாரம் தம்பி தூக்கத்திலேயே போய்விட்டான். அக்கா தலையிலடித்துக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு வந்து, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சகோதரிகளிடம் சொல்லிவிட்டார். ஒரு ஆள் குறைந்தால் உதவி போச்சு, பட்டறைக்குப் பூட்டுத்தான். அவர்கள் பிழைப்பும் அதில்தானே இருக்கிறது, தலையாட்டினார்கள். அன்றிலிருந்து மெஷினுக்கு முதுகைக் காட்டி மட்டும் இருவரும் உட்காருவதில்லை.

ஆள் கணக்குப் பார்க்க அதிகாரி வந்த நேரத்தில் அக்கா பசை வாங்கப் போயிருந்தார். திரும்பியபோது அதிகாரி வாசலில் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் லீவு என்று சொல்ல நூறு காரணம் தயாராக வைத்திருந்தார். அதில் ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

“மூணு பேரையும் பாத்துட்டேம்மா. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“மூணாவது யாரு?”

“மெஷின்கிட்ட நின்னாரே, அவர்தான். ஆர்டரே இல்லையே, ஏன் நின்னுட்டே இருக்கீங்க, வீட்டுக்குப் போகலாமேன்னேன். அக்கா இன்னும் போகச் சொல்லலைன்னாரு.”

அக்கா சகோதரிகளைப் பார்த்தார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தார்கள். மெஷின் பக்கம் யாரும் இல்லை. அக்காவுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். செத்த பிறகும் அவனை நிற்க வைத்துவிட்டோமே. ஒரு கையெழுத்துப் போட்டால் பட்டறை தப்பித்துவிடும்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவன் போன மாசமே செத்துட்டான் சார். ரெண்டு பேருதான் இருக்காங்க.”

அதிகாரி சிரிக்கப் பார்த்தார். அக்காவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை. அக்கா மெஷின் பக்கம் திரும்பி, அவன் இருந்தவரை அவனிடம் பேசியே இராத மெல்லிய குரலில் சொன்னார்.

“போதும் தம்பி. வேலை முடிஞ்சுது. நீ கெளம்பு.”

உள்ளே ஒன்றும் அசையவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அதிகாரி மட்டும், எதிரே வருகிறவருக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி, “பாத்துப் போங்க” என்றார்.