நான்கு பல் கோடு

பட்டப்பகலில் நடந்தது இது. பெரம்பலூர் பைபாஸ் ஓரம், நான் சூப்பர்வைசராக இருக்கும் மோட்டார் பம்ப் கம்பெனியில். பொய் என்பவர்கள் வந்து என் வலது கையைப் பார்க்கலாம்.

பம்பின் இரும்புக் கூட்டுக்குள் பேரிங்கை அழுத்திச் செருகும் பிரஸ் மெஷின் ஒன்று அங்கே உண்டு. எவ்வளவு தூரம் இறங்கியது, எவ்வளவு பலம் வாங்கியது என்று ஒவ்வொரு அழுத்தலுக்கும் திரையில் ஒரு கோடு வரையும். நல்ல பீஸின் கோட்டை ‘மாஸ்டர்’ என்று பதிந்து வைப்போம். அதோடு ஒத்துப்போனால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு.

அன்று காலையிலிருந்து ஒரே சிவப்பு. பேரிங்கைத் தொடும் முன்பே, வெறுங்காற்றில், கோடு ரம்பம்போல நான்கு பல்லாக எகிறியது. மூன்றாவது பல் மட்டும் உயரம்.

“காத்தப் போயி எதுக்கு சார் இப்படி நசுக்குது?” என்றாள் ஆபரேட்டர் அபிநயா. அரும்பாவூர்ப் பெண். கையில் ஏழு கண்ணாடி வளையல்.

“வளையலக் கழட்டுன்னு எத்தன வாட்டி சொல்றது?”

“நீங்க மொதல்ல மோதிரத்தக் கழட்டுங்க சார்!”

பன்னிரண்டரைக்கு லாரி. அளந்து பார்த்தால் பீஸ் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பொறுமை போயிற்று. 11.42-க்கு அந்தப் பல் கோட்டையே மாஸ்டராகப் பதிந்தேன். கை உள்ளே சிக்காமலிருக்க இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டிய இரண்டு பட்டன்களில், ஒன்றில் அட்டையைச் செருகி அமுக்கி வைத்தேன். வேகம் கிடைக்குமே!

பச்சை. பச்சை. பச்சை.

12.06. ஒரு பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அபிநயா பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நிமிர்த்துவதற்காக நான் வலது கையைப் பக்கவாட்டில் நுழைத்தேன்.

ட்டிக்...

யாரும் தொடாத பட்டன் தானாக அமிழ்ந்தது.

மடக். மடக்.

மோதிரம் கிறீச்சிட்டது.

மடக்.

திரையெல்லாம் ரத்தம். அதற்குப் பின்னால்...

பச்சை.

ஐந்தாம் நாள், திருச்சி ஆஸ்பத்திரி. சர்வீஸ் இன்ஜினியர் அறிவரசன் தன் போனில் ஒரு படம் காட்டினார்.

“நீங்க பதிஞ்ச மாஸ்டரு, உங்க கை நசுங்கின கோடு... ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தேன் சார். மயிரிழை பிசகல.”

நான்கு விரல். மூன்றாவதில் மோதிரம்.

“அத அழிச்சுட்டு நல்ல மாஸ்டர் போட்டேன். இன்னைக்குக் காலையில பாத்தா, வேற ஒண்ணு தானா பதிஞ்சிருக்கு. நாங்க யாரும் போடல சார்.”

அடுத்த படத்தில் நான்கு மெல்லிய பற்கள். அவற்றுக்குப் பின்னால் ஏழு சின்னச் சின்ன முறிவுகள். கண்ணாடி நொறுங்குவதுபோல.

இடது கையால் அபிநயாவின் நம்பரை அழுத்தினேன்.

“சொல்லுங்க சார். மெஷின்கிட்டதான் நிக்கிறேன். ஒரே பச்சையா எரியுது சார்... நான் இன்னும் பட்டனையே தொடல.”