திருகாணியில் இரண்டு கோடுகள்

நேற்று விடியற்காலையில் பக்கத்துக் காணிக்காரர் யானை வெடி கொளுத்தினார். யானை போனதோ இல்லையோ, புகை நேரே என் குசினிக்குள் வந்து குந்திவிட்டது. இருமிக்கொண்டே யன்னலைச் சாத்தப் போனவள், சாத்தாமல் அப்படியே நின்றேன். மற்றப் பெண்களுக்கு மல்லிகைப்பூ மணத்தில் பழைய நினைவு வருமாம். எனக்கு வெடிமருந்தில் வருகிறது, என்ன செய்ய!

கல்யாணம் முடித்து நான் ஸ்கந்தபுரத்துக்கு வந்தபோது, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் ஒரு சின்னப் பித்தளைப் பொறி பூட்டியிருந்தது. இடியப்ப உரலாக்கும் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், பிடியும் அப்படித்தான் இருந்தது. சுட்டு முடிந்த தோட்டாக் கோதுகளைத் திரும்ப நிரப்பி வாயை மடித்து மூடுகிற பொறி அது. என் கணவரிடம் வயல் காவலுக்கு அரசாங்கக் கச்சேரியில் அனுமதி எடுத்த துவக்கு ஒன்று இருந்தது. புதுத் தோட்டா கிளிநொச்சியில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவர் நிரப்பினால் பாதி நிலத்தில் கொட்டும். தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய என் விரல்களைப் பார்த்துவிட்டு, "இஞ்சரும், இது உம்மடை கைக்குத்தான் சரி" என்று பொறியை என்னிடம் தள்ளிவிட்டார்.

கிளிக்கும் கொக்குக்கும் சிறு சன்னம், பன்றிக்கு ஒற்றைக் குண்டு. குண்டு கோதுக்குள் சன்னத்தைவிட உயரமாக நிற்கும். அதனால் சன்னத்திலிருந்து குண்டுக்கு மாறும்போது பொறியின் தலையிலுள்ள திருகாணியை மேலே எடுக்க வேண்டும். மறந்தால் பொறி கூடுதலாக அழுத்தி, தோட்டாவின் வயிறு கொஞ்சம் தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாது, மேசையில் உருட்டிப் பார்த்தால்தான் தெரியும். என் மறதி எனக்குத் தெரியுமாதலால் திருகாணியில் கியூடெக்ஸால் இரண்டு கோடு போட்டு வைத்தேன். சன்னத்துக்குச் சிவப்பு, குண்டுக்கு ரோஸ். கல்யாணத்துக்கு வாங்கிய கியூடெக்ஸ் என் நகத்தைக் கண்டது குறைவு.

இனி மாமியைச் சொல்ல வேண்டும். அவருடைய அம்மா. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவா. நானோ மலைநாட்டுத் தோட்ட லயத்தில் பிறந்து, பெற்றோருடன் வன்னிக்கு வந்தவள். மகன் விரும்பிக் கட்டியதால் மாமி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருசமாகியும் என் கையால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. தனக்கென்று தனிச் சட்டி, தனிக் கேத்தில். தேயிலைக்குள்ளேயே பிறந்தவளை வீட்டில் வைத்துக்கொண்டு, தான் தனியே தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பா. உள்ளுக்குள் எனக்கு எரியும்.

ஒரு நாள் பின்னேரம் சன்னத் தோட்டாக்களை முடித்துவிட்டு, குண்டுக்குக் கோது எடுத்து வைத்தேன். பன்றி வயலில் இறங்கியிருந்தது, அவருக்கு அவசரம். அப்போதுதான் வாசலில் கதிரையில் இருந்த மாமி சொன்னா:

"பிள்ளை, எனக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்து."

என் காதை நம்ப முடியவில்லை. எழும்பிப் போய் ஊற்றிக் கொடுத்தேன். மாமி முழுவதையும் குடித்துவிட்டு, "சாயம் நல்லாயிருக்கு" என்றா. திரும்பி வந்து குண்டுத் தோட்டாக்களை மளமளவென்று மூடினேன். திருகாணியைத் தொடவில்லை. உருட்டிப் பார்க்கவும் இல்லை. பாட்டு வேறு முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் கணவர் இடுப்புச் சாரம் கிழிந்து, முழங்கால் தேய்ந்து வந்து நின்றார்.

"பண்டி நேர வருது, தோட்டா துவக்குக்குள்ளை பாதியிலை இறுகிப் போச்சு. மரத்திலை ஏறாட்டி இண்டைக்கு நான் சவம்! ஆர் இதை இப்பிடி நெரிச்சது?"

ஆளையே கொல்லப் பார்த்திருக்கிறேன். நேற்றுக் கிடைத்த அந்த ஒரு கோப்பை உறவும் இன்றோடு சரி என்று நினைத்தேன்.

"நான்தான்ரா," என்றா மாமி. "தூசு துடைக்கேக்கை திருகாணி சுத்துப்பட்டுப் போச்சு. அவளைப் பேசாதை."

அவர் தாயை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் உண்மையைச் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன. அதன்பிறகு மாமியின் கேத்தில் அடுப்பேறவேயில்லை.

பிறகு அனுமதித் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தோம். மாமி போய்ச் சேர்ந்தா. சண்டையில் இடம்பெயர்ந்து ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது, மனம் தாங்காமல் அவரிடம் சொன்னேன்.

"அண்டைக்கு அது மாமி இல்லை. நான்தான்."

"தெரியும். அம்மா அந்தச் சாமானுக்குக் கிட்டவே போகமாட்டா, வெடிமருந்து மணம் அவவுக்குச் சரிவராது."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"அவா முதல்முதலா உமக்காகப் பொய் சொல்லுறா. அதைப் போய் நான் கெடுக்கிறதே?"

அவரும் போய் நாலைந்து வருசமாகிறது. பித்தளைப் பொறி எந்த மண்ணுக்குள் கிடக்கிறதோ, அதில் எனக்குக் கவலையில்லை. திரும்பி வந்து கட்டிய வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். இப்போது சோறு குழைந்தால் நான்தான் குழைய விட்டது. "நான்தான்" என்று முந்திக்கொண்டு சொல்ல இந்த வீட்டில் வேறு ஆளில்லை.