கூரையில்லாமல் ஒப்படைத்த உருக்காலை

சோவியத் காலத்தில், கனரகத் தொழிற்சாலைகளைக் கட்டுவதற்கென்றே மொஸ்கோவில் ஓர் அமைச்சு இருந்தது. பல்கலைக்கழக இரண்டாம் வருடத்தில் எனக்கு அதில் பைத்தியம். இத்தனை ஆலை, இன்ன திகதிக்குள் என்று எழுதிவைத்து, அப்படியே கட்டிமுடிப்பார்களாம்! கனடாவில், கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் குடியிருந்த கட்டடத்து லிஃப்டைத் திருத்தவே ஒரு குளிர்காலம் போதவில்லை.

அதே கட்டடத்து மேல்மாடி அண்ணை சோவியத்தில் புலமைப்பரிசிலில் எஞ்சினியரிங் படித்தவர். அந்த அமைச்சு கட்டிய உருக்காலை ஒன்றில் பயிற்சி எடுத்தவர். இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளுகிறார். மூன்று ஞாயிறு அவருடைய குசினி மேசையில் இருந்து, அவர் சொன்னதை வகுப்புக் கட்டுரைக்காக எழுதினேன்.

"டிசம்பர் முப்பத்தொண்டு, பிள்ளை. குறிச்ச நாளிலேயே ஆலையை ஒப்படைச்சம். நானும் கையெழுத்து வைச்சனான்."

அந்த வரியில்தான் என் கட்டுரையே நின்றது. திட்டப் பொருளாதாரம் என்றாலே நக்கலடிக்கிற வகுப்பு. என்னிடம் நேரில் கண்ட சாட்சி இருந்தது. துள்ளிக்கொண்டு வாசித்தேன்.

பேராசிரியர் பழைய ரஷ்யப் பத்திரிகையின் நகலொன்றை எடுத்துத் தந்தார். ரஷ்யாவில் பிறந்த சகமாணவி வாசித்து மொழிபெயர்த்தாள். அதே ஊர், அதே ஆலை. ஒப்படைத்து இரண்டு வருடமாகியும் கூரையில்லை, உலைக்குள் பனி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நேரே மேல்மாடிக்கு ஏறினேன்.

"அண்ணை, கூரை இருந்ததோ?"

இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஜனவரியில போடுறதெண்டு இருந்தது."

"போட்டதோ?"

"பெப்ரவரியில நான் வெளிக்கிட்டிட்டன்."

"அப்ப முடிஞ்சதெண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"ஒப்படைச்சதெண்டுதான் சொன்னனான். அங்க வழமை அது. வருசக் கடைசியில ஆலையைப் பரிசோதிச்சு ஏற்கிற கொமிஷன் வரும். குறையளை ஒரு தாளில எழுதி இணைச்சுப்போட்டு எல்லாரும் கையெழுத்து வைப்பினம். பேந்து வொட்கா."

"அந்தத் தாளைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"நீர் கண்ணை விரிச்சுக்கொண்டெல்லோ இருந்தீர். பன்னிரண்டு வருசமா இந்த ஊரில ஒருத்தரும் என்னட்டை எஞ்சினியரிங் பற்றிக் கேட்டதில்லை, பிள்ளை."

அது எனக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை. மூன்று ஞாயிறு அவர் எஞ்சினியராக இருந்துபார்த்ததற்கு, வகுப்பில் முழிசிக்கொண்டு நின்றது நான்.

"திருத்தி எழுத விடுவினம்தானே? இரும், இப்ப முழுக்கச் சொல்லுறன்." கையைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார்.

பேராசிரியர் ஒரு கிழமை தந்திருந்தார். கொப்பியும் பையில்தான் இருந்தது. நான் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. அந்தக் குறைத்தாள்களைப் பற்றி நூலகத்தில் தேடியே எழுதிக் கொடுத்தேன். முதல் கட்டுரையின் அடிக்குறிப்பில் அவர் பெயருக்கு முன்னால் 'எஞ்சினியர்' என்று போட்டிருந்தேன். அந்த வரியை முழுதாக எடுத்துவிட்டேன்.