ஓப்பல் டாக்கெட்டின் தோல்வார்

ஒரு துப்பாக்கி மேசையில் வைத்துச் சுட்டால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. தரையில் படுத்துச் சுட்டால் கேட்கமாட்டேன் என்கிறது. கண் அதேதான், கை அதேதான், தோட்டாவும் அதேதான். ஏன்? அந்த வசந்தத்தில் எங்கள் மலைப்பக்கத்தில் ஒருவராலும் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. என்னாலும்தான்.

ஓப்பல் டாக்கெட் மேற்கு வர்ஜீனியாவின் மலை வளைவுகளில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். ஞாயிறன்று தேவாலயம் முடிந்ததும் இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோல் நிறைந்த பிஸ்கட் டப்பாவோடு, துப்பாக்கி சுடும் களத்துக்கு வந்துவிடுவார். அவரிடம் இருந்தது, ஒரு குண்டு போனதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. அதை அவர் பேருந்து எஞ்சினைப் போலவே கவனிப்பார். ஒரு நேரத்தில் ஒரு திருகைத்தான் தொடுவார். தொட்டதும் சுட்டுப் பார்ப்பார். சரியில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.

எங்கள் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டதும், நடுவில் கறுப்பு வட்டம் போட்ட இலக்குத்தாள் குழிக்குள் இறங்கும். குழியில் நிற்பவர் தூரத்திலிருந்து தெரியும்படி துளையில் ஒரு வட்டைச் செருகித் தாளை மேலே ஏற்றுவார். அது மேலே வருவதற்குள் குண்டு எங்கே போயிற்று என்று சுட்டவர் வாயால் சொல்லிவிட வேண்டும். பார்த்துவிட்டுச் சொன்னால் அது பேச்சே இல்லை. ஓப்பல் சொன்னால் தாளைப் பார்க்கவே வேண்டாம் என்பார்கள். மோசமாகச் சுட்டாலும் மோசம் என்று சரியாகச் சொல்வார்.

பனி உருகிக் களம் திறந்த முதல் ஞாயிறு, ஓப்பல் தரையில் படுத்து, கை ஆடாமலிருக்கத் துப்பாக்கியில் மாட்டியிருந்த தோல்வாரை இடக்கையில் இறுக்கி, சுட்டார்.

"நட்ட நடு" என்றார்.

தாள் ஏறியது. வட்டு கீழே, இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த குண்டுக்கும் நடு என்றார். அதுவும் அங்கேயே போய் உட்கார்ந்தது.

"மிஸ் ஓப்பல், கண்ணாடிய மாத்துற காலம் வந்திருச்சு போல" என்றார் வெண்டல். ஊரில் முடி வெட்டுபவர், அணித்தலைவரும் அவரே.

"வாய மூடுடா. பஸ்ஸுல பின்சீட்டுல நீ சேட்டை பண்ணுனப்பவும் இந்தக் கண்ணுதான் கண்ணாடியில பாத்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஓப்பல் சிரிக்கவில்லை. மாநிலப் போட்டிக்கான நால்வர் அணியில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. அது போனாலும் பொறுத்துக்கொள்வார். தன் வாய்ச்சொல் பொய்யானதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய்க் குழலைத் துடைத்தார். விசையைச் சீராக்கினார். திருகுகளை இறுக்கினார். தோட்டா வகையை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு களத்து மேசையில் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்திச் சுட்டுப் பார்த்தார். துளைகள் எல்லாம் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஒரு காசை வைத்து மூடிவிடலாம். வெண்டலின் துப்பாக்கியையும் அதே மேசையில் வைத்துச் சுட்டார். அதை மூட உள்ளங்கை வேண்டியிருந்தது.

ஆக, துப்பாக்கி தங்கம். அப்படியானால் கோளாறு யாரிடம்?

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் கதையும் அதுதான்டா" என்றார் ஓப்பல். "என் இடத்த ராஸ்கோவுக்குக் குடு. துப்பாக்கியையும் அவனே எடுத்துக்கட்டும். களத்துல இதைவிட நல்லது இல்ல."

"சும்மா கேலிக்குச் சொன்னேன், மிஸ் ஓப்பல்."

"நான் கேலிக்குச் சொல்லல."

ராஸ்கோ மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்பவன், அணிக்கு வெளியே ஐந்தாவது ஆளாகக் காத்திருந்தவன். அவன் கை ஒவ்வொன்றும் உலக்கை. அடுத்த ஞாயிறு அவன் ஓப்பலின் துப்பாக்கியோடு படுத்தான். வாரை இறுக்கினான். சுட்டான்.

"நடு!"

தாள் ஏறியது. வட்டு ஓப்பலுக்கு விழுந்ததைவிடக் கீழே, இன்னும் இடப்பக்கமாக இருந்தது.

"என்ன எழவுடா இது!"

"ஒனக்குமா கண்ணு போச்சு?" என்றார் வெண்டல்.

ஓப்பல் தாளைப் பார்க்கவில்லை. ராஸ்கோவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல்வார் சதையில் புதைந்து, துப்பாக்கியின் முன்பக்கத்தை இடப்பக்கம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

"ராஸ்கோ, வாரக் கழட்டிட்டு ஒண்ணு போடு."

"கை ஆடுமே!"

"ஆடட்டும்."

குண்டு கொஞ்சம் தள்ளித்தான் போயிற்று. ஆனால் வலப்பக்கம் மேலே போயிற்று. கீழே இழுக்கும் பேய் போய்விட்டது.

மேசையில் சுடும்போது வார் மூட்டையில் சிக்கும் என்று எங்கள் களத்தில் எல்லோரும் அதைக் கழற்றி வைத்துவிடுவோம். யாருக்கும் அது தப்பாகப் பட்டதில்லை. ஓப்பலும் அப்படித்தான் செய்திருந்தார். வார் மாட்டியிருந்த முன்பிடி, அதாவது இடக்கை தாங்கும் பகுதி, குழலோடு ஒட்டியே இருந்தது. வாரை இழுத்தால் குழலும் கூடவே வளைந்துகொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் தூரத்துத் தாளுக்கு அது போதும்.

"போன வருசம் எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டான் ராஸ்கோ.

"போன வருசம் துணி வார். இழுத்தா நீண்டுக்கும். இது தடிச்ச தோலு, அசையாது." ஓப்பல் மெல்லத் திரும்பினார். "கிறிஸ்துமஸுக்கு இத எனக்கு யாருப்பா குடுத்தது?"

வெண்டலின் காது சிவந்தது. "நல்ல தோலுன்னு சொல்லி வித்தான், மிஸ் ஓப்பல்…"

"நல்ல தோலுதான். அதான் வினை."

ராஸ்கோ எழுந்து துப்பாக்கியை நீட்டினான். "ஒங்க பிசாசு, நீங்களே ஓட்டுங்க. எனக்கு அந்த அஞ்சாவது இடமே போதும்."

ஓப்பல் படுத்தார். வாரை எப்போதும் மாட்டும் துளையிலேயே மாட்டி, இறுக்கினார். இந்த முறை மேசையை நம்பவில்லை. படுத்த நிலையிலேயே சுட்டுச் சுட்டு, வாரின் இழுப்புக்கு ஈடாகக் குறிக்காட்டியைத் திருப்பினார். பிறகு கணக்கில் சேரும் குண்டைப் போட்டார். தாள் இறங்கியது.

"கறுப்புக்குள்ள. ஆனா வலது ஓரம். விசையை அவசரப்பட்டு இழுத்துட்டேன்" என்றார்.

தாள் ஏறியது. கறுப்புக்குள், வலது ஓரத்தில் வட்டு நின்றது. நடுவில் விழுந்திருந்தாலும் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. கன்னத்தைத் துப்பாக்கியிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தார். வெண்டல் பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

மாநிலப் போட்டிக்கு ஓப்பல்தான் போனார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது, தன் கண்ணோ கையோ போய்விட்டது என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கலாம். அவர்களிடம் ஓப்பலின் தோல்வாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுங்கள். கேட்டவர்கள் இன்னும் ஒருவருக்குச் சொல்லட்டும்.