மொட்டோடு தோண்டிய டேலியா

கார்த்திகை பிறந்தால் போதும், பாரிவாக்கத்தில் பால் போடுகிறவர் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு வருகிறார். மாடி வீட்டில் நான் மின்விசிறிக்கு அடியில் வேர்த்து வடிகிறேன். குடிவந்து மூன்று வருடமாகியும் இந்த ஊரின் குளிர் எங்கே இருக்கிறதென்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அந்தக் குல்லாயைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தேடுகிறேன் பாருங்கள், அந்தப் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது?

ஊட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மாவுக்கு வேலை. குடியிருப்பு வாசலில் அவள் வளர்க்கும் டேலியா, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருஞ்சிவப்பாகப் பூக்கும். உறைபனியில் இலை கருகியதும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டுவாள். கிழங்குக் கொத்தை முறியாமல் எடுத்து, இரண்டு நாள் தலைகீழாக உலர்த்தி, தேயிலைப் பெட்டியில் மரத்தூள் போட்டு மூடிவைப்பாள். மண்ணிலேயே விட்டால் பனி கிழங்கைக் கொன்றுவிடும். பங்குனியில் மறுபடி நடும்போது எனக்கும் ஒரு பை கொடுத்தனுப்புவாள். இந்த வருடம் வந்தது கடைசிப் பை. தையோடு அவளுக்கு வேலை ஓய்வு, வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அப்புறம் அவள் இருக்கப்போவது திருப்பூரில் அண்ணனின் மூன்றாவது மாடி. இனி அந்தச் செடி இருந்தால் என்னிடம்தான் இருக்க வேண்டும்.

"இங்க பனி கொட்டுது. நீ கிழங்க எடுத்துட்டியா?" என்று அம்மா போனில் கேட்டாள். அவ்வளவுதான், மண்வெட்டியோடு கீழே வேலியோரம் நட்டிருந்த செடிகளிடம் இறங்கிவிட்டேன். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி செல்வி எட்டிப் பார்த்தாள். அம்பத்தூரில் தையல் கம்பெனிக்குப் போகிறவள். இதே மனை வயலாக இருந்தபோது அவள் அப்பா இங்கே கூலிக்கு நாற்று நட்டாராம்.

"இன்னா சார், மொட்டு வுட்டுகினு கீற செடியப் போயி தோண்டினு கீறீங்க?"

"பனி வந்துடும்ல."

"வந்தா இன்னா? நீங்க தலையில துண்டு கட்டிக்கங்க. செடிக்கு இன்னா வந்துச்சு?"

பனியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று எரிச்சலாக வந்தது. மொட்டோடு வெட்டி, கிழங்கை அம்மாவைப் போலவே மரத்தூள் பெட்டியில் மூடிவைத்தேன். மூன்று வருடமும் இதே கதைதான், ஒரு பூ கண்ணால் கண்டதில்லை. போன வருடம் எடுத்து வைத்ததெல்லாம் பூசணம் பிடித்து, வெறுத்துப்போய் வேலியோரம் வீசினேன்.

மார்கழி நடுவில் பெட்டியைத் திறந்தேன். மழைக்கால ஈரம் மரத்தூள்வரை ஏறி, ஒரு கிழங்கு மிச்சமில்லாமல் கொழகொழவென்று கிடந்தது. சீ, என்ன மனுஷன் நான்! அன்றைக்குப் பார்த்து அம்மா கேட்டாள். பத்திரமாக இருக்கிறதென்று வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் காலை வேலைக்கு இறங்கினால், செல்வியின் கோலத்து நடுவில், சாணி உருண்டையில் பூசணிப்பூ இருக்க வேண்டிய இடத்தில், கருஞ்சிவப்பு டேலியா. ஓரத்தில் குனிந்து இழை இழுத்துக்கொண்டிருந்த செல்வியிடம் கேட்டேன்.

"இது ஏது?"

"போன வருசம் நீங்க வீசினதுதான் சார். ஒன்னுல கண்ணு இருந்துச்சு, பெயிண்ட் டப்பாவுல சொருவி பின்னாடி தொவைக்கிற கல்லாண்ட வெச்சேன். மொளச்சது கோடை வெயிலுக்குக் காஞ்சிடுச்சு. கெடக்கட்டும்னு டப்பாவோட படிக்கட்டுக்கு அடியில தள்ளிட்டேன். மழைக்கு வெளிய வெச்சேன், தானா வந்துகினு கீது."

இங்கே கிழங்கைக் காப்பாற்ற வேண்டியது வெயிலிடமிருந்து. மூன்று வருடமாக இல்லாத பனிக்குப் பயந்து, பூக்கிற மாதத்தில் தோண்டியிருக்கிறேன்.

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"நம்ம பூவுடா! மார்கழில எப்படிடா பூத்துச்சு? அதை ஏன் சாணியில வச்சிருக்க? யாரு வாசல் அது?"

"நம்ம வாசல்தாம்மா," என்றேன். செல்வி கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். போனை வைத்துவிட்டு, குரல் இறங்கி, எங்கள் வீட்டுச் செடியில் ஒரு கிழங்கு தருவாயா என்று அவளிடமே கேட்டேன்.

"தராம இன்னா சார்? வெயில் வரட்டும், பிரிச்சித் தரேன். பூக்கறப்போ மட்டும் கை வெக்க வுட மாட்டேன்."

கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்று தலையாட்டினேன்.