பின்கதவில் நிறுத்திய பாம்பும் அம்மாவின் பல்லும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

1. இந்த ஆண்டு மழை தொடங்கிய வாரத்தில் அம்மாவின் கடைவாய்ப்பல் சீழ் பிடித்தது.
2. அம்மாவின் இதயத்தில் செயற்கை வால்வு இருக்கிறது. பல்லின் கிருமி அங்கே போய்ச் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பல்லை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள்.
3. வால்வில் இரத்தம் உறையாமலிருக்க அம்மா தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். அதை நிறுத்தக் கூடாது என்று இதய மருத்துவர் சொல்லியிருந்தார்.
4. தாம்பரத்தில் பல்லை எடுத்தோம். தையல் போட்டு, பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.
5. இரத்தம் நிற்கவில்லை.

நான் மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அதனால் எனக்குப் பயம் இரண்டு மடங்கு. மாத்திரையை நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டும். தொடர்ந்தால் வாயில் கசியும். வீட்டில் நாங்கள் இருவர்தான். அன்றிரவு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். நான் பஞ்சை மாற்றினேன், தலையணை உறையை அலசினேன். ஒழுங்காக ஜெபிக்கக்கூடத் தெம்பில்லை. "நிற்கட்டும் ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் ஆட்டோ பிடித்து மறுபடியும் பல் மருத்துவரிடம் போனோம். அவர் காயத்தைப் பார்த்தார், இதய மருத்துவரிடம் போனில் பேசினார். "மாத்திரை கண்டின்யூ பண்ணணும் ஆன்ட்டி. காயத்துல மட்டும் ஒரு மருந்து வெச்சு மூடிடலாம்" என்றார்.

"என்ன மருந்து?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். தென் அமெரிக்க விரியன் ஒன்றின் விஷத்திலிருந்து பிரித்தெடுத்த நொதி அது. நம் இரத்தத்திலேயே இருக்கும் ஒரு புரதத்தைப் பசைபோல இறுக வைக்கும். இரத்தம் உறைவதில் மாத்திரை தடுக்கும் படியை அது தொடாது, அதற்குப் பிந்திய படியில் வேலை செய்யும்.

அம்மாவுக்குப் பாம்பு என்ற சொல் மட்டும்தான் கேட்டது.

எங்கள் வீடு பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில். போன மழைக்குக் குளியலறைக்குள் ஒன்று வந்து சுருண்டிருந்தது. அதற்கும் பல வருடம் முன்பிருந்தே, பின்கதவைத் தாழிடும்போதெல்லாம் கதவில் கைவைத்து, "எந்தச் சர்ப்பமும் இந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது" என்று அம்மா சத்தமாக ஜெபிப்பார். அது அவருக்கு வெறும் பாம்பு இல்லை, வேதத்தில் வருகிற சாத்தானின் உருவமும்தான்.

அம்மா வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தினம் எதை வாசல்ல நிறுத்துறேனோ, அதை வாய்க்குள்ள விடச் சொல்றியாடி?"

"பேசாதீங்க ஆன்ட்டி, ப்ளீடிங் ஜாஸ்தியாகும்" என்றார் டாக்டர்.

உதவியாளர் தேவி அக்கா சிரித்தார். "இன்னா ஆன்ட்டி நீங்க! சீசாக்குள்ள பாம்பா குந்திகினு கீது? சொட்டு மருந்துதான்."

அம்மா வாயை இறுக மூடிக்கொண்டார். உதட்டோரத்தில் இரத்தம் வழிந்தது. டாக்டர் கையுறையோடு காத்திருந்தார். நான் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தார். கண்ணால் மேலே காட்டினார்.

ஜெபிக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. எங்கள் வீட்டில் சத்தமாக ஜெபிப்பது அம்மா. நான் ஆமென் மட்டும் சொல்கிறவள். அன்றைக்கு அவரால் முடியாது.

தேவி அக்கா பார்த்துக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். வால்வுக்காக, டாக்டரின் கைகளுக்காக, காயத்துக்காக. பழக்கத்தில் அம்மாவின் வார்த்தையே நாக்கில் வந்தது: "எந்தச் சர்ப்பமும்..." அங்கே நின்றுவிட்டேன். பிறகு, "ஆண்டவரே, அந்தப் பாம்பையும் நீர்தானே உண்டாக்கினீர். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அப்போதே உமக்குத் தெரியும்" என்றேன்.

என் கைக்குக் கீழே அம்மாவின் தலை அசைந்தது. கண் திறந்து பார்த்தேன். அம்மா வாயைத் திறந்திருந்தார்.

டாக்டர் மருந்தில் நனைத்த, தானே கரைந்துவிடும் பஞ்சுத்துண்டைக் குழியில் வைத்து, மேலே தைத்து, அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கசிவு இல்லை. "செட் ஆயிடுச்சு" என்றார்.

"நல்ல பாம்புதான் ஆன்ட்டி அது" என்றார் தேவி அக்கா. அம்மா சிரிக்க முடியாமல் அழுதார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, நீங்களும் இப்படிக் களைத்துப்போய் ஒற்றை வார்த்தையில் ஜெபித்துக்கொண்டிருக்கலாம். அது போதும். பதில், நீங்கள் பயப்படுகிற பொருளின் வழியாகவே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். டாக்டரையும் கேளுங்கள், தேவனையும் கேளுங்கள்.

புண் ஆறிவிட்டது. மாத்திரை தொடர்கிறது, மாதாமாதம் இரத்தப் பரிசோதனையும் உண்டு. என் களைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஏரிக்கரை வீடு என்பதால், பாம்பு உள்ளே வரக் கூடாது என்ற ஜெபத்தையும் விடவில்லை. இப்போது பின்கதவில் கைவைத்து அதை நான் சத்தமாகச் சொல்கிறேன். அம்மா ஆமென் சொல்கிறார்.